மருமகள் இல்லாத நீர்மாலை

"நீர்மாலைக்கு மருமகள வரச் சொல்லுங்கடி!"

வாசலில் நின்று குரல் கொடுத்த பிறகுதான், எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பது பெரியாயிக்கு உறைத்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யார் செத்தாலும் முன்னால் நின்று காரியம் பார்ப்பவள் அவள்தான். பிணத்தைக் குளிப்பாட்ட மகனும் மருமகளும் மலைத்தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். வேதக்கார வீடானாலும் இந்த வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. ஆனால் விடியற்காலையில் செத்துப்போன மதலைமுத்துவுக்கு ஒரே மகன். அந்த மகனும் வெள்ளை அங்கி போட்ட சாமியார்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சவேரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மகள் அருளாயிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பெரியாயி மேல் இல்லை, தம்பி மேல்.

ஊருக்கு அவன் சந்தியாகு சாமி. அவளுக்குத் தம்பி. ஆட்கள் முன்னால் 'நீங்க' என்பாள், தனியாக இருந்தால் 'நீ'தான்.

அவன் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினான். அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு குடத்தை எடுத்தான். இன்னொன்றை அருளாயி எடுத்தாள். மருமகள் எடுக்க வேண்டிய குடத்தை மகள் எடுக்கலாமா என்று யாரோ முணுமுணுக்க, "சும்மா இருங்கடி" என்று பெரியாயியே அதட்டினாள்.

அருளாயியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தை மாதம் அவளும் புருசனும் பிள்ளைகளும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். அப்பாவுக்கும் ஆத்தாவுக்கும்கூட பாஸ்போர்ட் வந்திருந்தது. தம்பிக்கு மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை. அப்பா போய்விட்ட பிறகு, வேலை செய்யாத கிழவிக்குத் தோட்டத்தில் குடியிருக்கக் காம்பரா கொடுக்க மாட்டார்கள். பதுளையில் தம்பி இருக்கிற சபை வீட்டில் பெண்கள் தங்க முடியாது. ஆத்தாவோ பல நாளாகவே அசைய மாட்டேன் என்கிறாள். "பொண்டாட்டியா, புள்ளையா? நானும் போயிட்டா அவனுக்கு ஒரு வாய் சோறு யாரு குடுப்பா?" என்று ஒரே பிடிவாதம். மருமகள் என்று ஒருத்தி இருந்திருந்தால் ஆத்தாவுக்கு இந்தக் கவலையே இல்லை. அத்தைக்கு மீசை முளைத்தால்தானே சித்தப்பா!

பீலியில் தண்ணீர் மெலிசாக விழுந்துகொண்டிருந்தது. குடம் நிறைய நேரமாகும்.

"ஏன் தம்பி, சாமியாரு கல்யாணம் கட்டக் கூடாதுன்னு சேசுவா சொன்னாரு?"

"அப்படிக் கட்டளையா சொல்லலக்கா. சேசுவோட தலைச் சீடர் இராயப்பருக்கே மாமியார் இருந்தாங்க. ரொம்ப காலத்துக்குச் சாமியாருங்கள்ல பொண்டாட்டி புள்ளையோட இருந்தவங்களும் உண்டு. அப்புறந்தான் திருச்சபை கண்டிசனாச் சட்டம் போட்டுச்சு."

"எதுக்குப் போட்டுச்சு?"

"ஒரு காரணம்னு சொல்ல முடியாது. கோயில் சொத்த மகன் பேருக்கு எழுதிக்குவாங்கன்னு ஒரு பயம். பூசை வைக்கிறவன் சுத்தமா இருக்கணும்னு ஒரு எண்ணம். சேசு தனியா இருந்தாரே, நாமளும் அப்படி இருக்கணும்னு ஒரு ஆசை."

அப்பா செத்த அன்றைக்கும் அருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாம இருக்கிற காம்பராவே தோட்டத்துத் தொரையோடது. இதுல நீ யாரு பேருக்கு எதை எழுதப் போற?"

அவனும் சிரித்தான். பிறகு சொன்னான்: "கல்யாணம் கட்டுனவனுக்கு மனசு ரெண்டாப் பிரிஞ்சு போகும்னு வேதத்துல சின்னப்பர் எழுதியிருக்காரு. பொண்டாட்டி பக்கம் பாதி, ஆண்டவர் பக்கம் பாதி. நான் அதுக்காகத்தான் போனேன்."

"அப்ப ஆத்தாவுக்கு? கால்வாசிகூடக் கெடையாதா?"

அவன் நிறைந்த குடத்தை அவள் தோளில் தூக்கிவிட்டு, தன் குடத்தைப் பீலிக்கடியில் வைத்தான்.

மத்தியானம் தேயிலை மலைக்குப் பின்னால் அடக்கம் நடந்தது. பூசைச் செபமெல்லாம் தம்பியே குரல் உடையாமல் சொன்னான். குழிக்குள் மண் போடும்போது மட்டும், "அப்பா" என்று வாய்விட்டுச் சொன்னான். அருளாயி அப்போதுதான் அழுதாள். அதுவரை இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் அடுத்த லயத்துக்காரர்கள் சோறு கொண்டுவந்திருந்தார்கள். ஆத்தா ஒரு தட்டில் சோறு போட்டு மகனுக்கென்று பக்கத்தில் மூடிவைத்தாள். அவன் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் படியேறி வந்தார்கள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். சாவு வீடென்று கண்டதும் தயங்கி நின்றார்கள்.

"சாமி வீட்டுக்குப் போயிருக்காருன்னு மட்டுந்தான் பதுளையில சொன்னாங்க, சாவுன்னு தெரியாம வந்துட்டோம் சாமி. எங்கம்மாவுக்கு இழுத்துக்கிட்டு கெடக்கு. சாமியப் பாக்கணும்னு காலையிலருந்து கேக்குது…"

"இன்னைக்கி ஒரு நாளாவது விடுங்கப்பா!" அருளாயி கத்தியேவிட்டாள்.

அவன் ஆத்தாவைப் பார்த்தான். உத்தரவு கேட்கிற சின்னப் பிள்ளை மாதிரி நின்றான்.

"அதுவும் ஒரு ஆத்தாதானே, போயிட்டு வாப்பா" என்றாள் சவேரியம்மா.

அவன் சப்பாத்தைப் போட்டான். ஒருத்தன் குடையை விரித்து முழுக்க அவன் தலைக்கு மேலே பிடித்து, தான் நனைந்தான். மற்றவன் பையை வாங்கிக்கொண்டு, "சாமி இன்னும் சாப்பிடல போல. எங்க வீட்டுல சோறு ஆக்கி வச்சிருக்கு, வந்த ஒடனே சாப்பிட்டுறலாம்" என்றான்.

ஆத்தா அதைக் கேட்டாள். தேயிலைக்கு நடுவே மூன்று பேரும் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியைத் திறந்து, மகனுக்கு வைத்த சோற்றைப் பிசைந்து பேரப்பிள்ளைகளுக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

"அருளாயி."

"என்னா ஆத்தா?"

"தை மாசம் எத்தனாந் தேதிடி கப்பலு?"

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள்! இப்போது அருளாயி மெதுவாகத் தேதியைச் சொன்னாள்.

ஆத்தா தலையாட்டினாள். கடைசிக் கவளத்தைச் சின்னவனுக்கு ஊட்டினாள். பிள்ளைகள் எழுந்து ஓடிய பிறகும் வெறும் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.