மட்கார்டின் உள்பக்கம்

ரூபேந்திரன் எப்படிச் செத்தான் என்பதில் மலேசியாவின் சாஆ என்ற சிற்றூரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. செம்பனைத் தோட்டத்து வளைவில் மோட்டார் சைக்கிளோடு குப்புற விழுந்து செத்தான். ஏன் விழுந்தான் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. சாலைப் பள்ளம் என்றார்கள் சிலர். வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது, சனி பகவானின் எண், இத்தனை நாள் விட்டுவைத்ததே பெரிய விஷயம் என்றார் தாய்மாமன் சதாசிவம். அதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ராகு காலம் என்று கோயில் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். அந்த ராகு காலம் இந்திய நேரப்படியா மலேசிய நேரப்படியா என்று துக்க வீட்டிலேயே அரை மணி நேரம் விவாதம் நடந்தது. பிணம் பொறுமையாகக் காத்திருந்தது.

கடைசியில் எல்லாக் கட்சிகளும் ஓரிடத்தில் வந்து கூடின. எட்டாம் நம்பர் வண்டியில், ராகு காலத்தில், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போய் அப்பம் பாலிக் பலகாரம் வாங்கி வரச் சொன்னது யார்? அவன் பெண்டாட்டி லோஷினி. கல்யாணமாகிப் பதினோரு மாதம். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதியில் எல்லோரும் காப்பி குடித்தார்கள்.

ரூபேனின் அம்மா பேச்சியம்மாள் மருமகளைத் திட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தங்காக்கில் இருக்கும் அப்பா வீட்டுக்கு அவள் போய்விட வேண்டும் என்று தம்பி சதாசிவம் மூலமாகச் சொல்லி அனுப்பினாள். சொல்லி அனுப்பியபோது மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் ஒரே கீரைக்கட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தங்காக் வீட்டில் இரண்டாம் தாரம் வந்து ஆறு வருடம் ஆகிறது. புருஷனை அனுப்பிவைத்தவள் என்ற பேரோடு போய் இறங்குபவளுக்கு அங்கே என்ன வரவேற்பு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அனுப்ப முடிவு செய்தார்கள்.

பதினோராம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ரூபேனின் வண்டி திரும்பி வந்தது. பேச்சியம்மாள் தீபனைக் கூப்பிட்டனுப்பினாள்.

தீபன் ரூபேனோடு ஒரே வகுப்பில் படித்தவன். பின்வரிசை வீடு. பகலில் சிகாமட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. மீதி நேரத்தில் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள்களின் உடைந்த கவர்களை ஒட்டித் தருவான். பழைய வண்டிகளுக்குப் புதுக் கவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நிறம் ஒத்துவராது. ஆகவே அவனுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது.

“பதினாறுக்கு வண்டியும் படையல்ல நிக்கணும் தம்பி,” என்றாள் பேச்சியம்மாள். “ஒடஞ்ச சாமான வச்சு எம்புள்ளைக்குப் படைக்க மாட்டேன். ஒட்டுனதே தெரியாம ஒட்டிக் குடு.”

தீபன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கவர்களைக் கழற்றினான். பக்கக் கவர் இரண்டும் நான்கு இடத்தில் விரிசல். அது அவனுக்குப் பழகிய வேலை. விரிசலின் குறுக்கே சுடவைத்த கம்பிகளை அழுத்திப் புதைத்துத் தைத்தான். அதே சாதிப் பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் தயிர்ப் பதத்துக்குக் கரைத்துப் பள்ளத்தில் நிரப்பினான். காய்ந்ததும் தேய்த்தான். கை தன்பாட்டுக்கு ஓடியது. செத்தவன் நினைப்பே வரவில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

அப்புறம் முன்சக்கரத்து மட்கார்டை எடுத்தான்.

அதை அவன் ஏற்கெனவே ஒருமுறை ஒட்டியிருந்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால், போல்ட் மாட்டும் இடத்தருகே விரிசல் விட்டிருக்கிறது என்று ரூபேன் கழற்றிக் கொண்டுவந்தான். தீபன் இதே தயிரைப் பூசி, பெயின்ட் அடித்து, இடியே விழுந்தாலும் இனி உடையாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். இப்போது மட்கார்ட் இரண்டு துண்டாக இருந்தது. அவன் பூசியது மட்டும் உடையவில்லை. ஒரு பக்கத்திலிருந்து முழுசாக உரிந்து, ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி தனியாக நின்றது.

துண்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தான். சேற்றைத் துடைத்ததும் இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன. பி.பி.

பக்கக் கவர்கள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். அது அசிட்டோனில் கரையும், கரைந்து ஒன்றோடொன்று கூடும். பி.பி. வேறு சாதி. கலப்புக்கு ஒத்துக்கொள்ளாது. மேலே எதைப் பூசினாலும் பார்க்க அழகாக இருக்கும், வண்டி அதிரும் வரை. பூசுவதற்கு முன் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் சேரும் புது ஆட்களுக்கு முதல் நாள் முதல் பாடமாக இதைச் சொல்லிக்கொடுப்பவன் தீபன்தான்.

உடைந்த முன்துண்டின் உள்விளிம்பில் டயர் ரப்பர் கறுப்பாகத் தேய்ந்து ஏறியிருந்தது. ஒரு மூலை உராய்ந்து உருகியிருந்தது. விழுந்தபின் உடைந்திருந்தால் டயர் அதை இப்படித் தேய்த்திருக்க முடியாது. முதலில் அது உடைந்திருக்கிறது. பிறகு சக்கரத்துக்குள் போய்ச் சிக்கியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் ரூபேன் விழுந்திருக்கிறான். பள்ளத்துக்கும் சனி பகவானுக்கும் அப்பம் பாலிக்குக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் லோஷினி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. விபத்து நடந்த இடத்தில் புல்லுக்குள் கிடந்த சில்லுகளை அவளே பொறுக்கி வைத்திருக்கிறாள். ஒட்டுவதற்கு உதவுமா என்று கேட்டாள். தீபன் வாங்கிக்கொண்டான். அவள் போகவில்லை. மேசைமேல் கிடந்த மட்கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இது விழுந்தப்ப ஒடஞ்சதா, விழுறதுக்கு முன்னாடியே ஒடஞ்சதா?”

பதினோரு வருடமாகப் பிளாஸ்டிக்கைப் பரிசோதிப்பவனிடம் யாரும் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

“விழுந்தப்பதான்,” என்றான்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் மறுநாளும் தீபன் அந்த மட்கார்டோடு மல்லுக்கட்டினான். வேறொரு வண்டியின் உடைந்த மட்கார்டை வாங்கி, அதுவும் பி.பி.தானா என்று மூன்று முறை பார்த்து, நாடா நாடாக வெட்டினான். சூட்டுக் கோலால் இரண்டையும் சேர்த்து உருக்கி, இரண்டு பக்கமும் அடைத்தான். ரப்பர் கறையைத் தேய்த்து எடுத்தான். உருகிய மூலையைப் புதிதாகக் கட்டினான். ஆறியதும் கீழே வைத்து அதன்மேல் ஏறி நின்றான். முனகக்கூட இல்லை. ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு முதல்தர மட்கார்ட்.

திங்கட்கிழமை காலை, பதினாறாம் நாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ஆட்கள் இன்னும் வரவில்லை. கூடத்தில் ரூபேன் படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பேச்சியம்மாள் வந்து மட்கார்டைக் கையால் தடவிப் பார்த்தாள். பதினாறு நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. சதாசிவம் குனிந்து பார்த்து, கடையில் வாங்கினால்கூட இப்படி வராது லா என்றார். உள் அறையில் லோஷினி துணி மடித்துப் பையில் வைப்பது தெரிந்தது.

தீபன் சொன்னான். நின்றபடியே, எதையும் விடாமல் சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன்னால் தான் தப்பாக ஒட்டியது, அது பெயர்ந்தது, சக்கரத்தில் சிக்கியது. லோஷினிமேல் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் என்றான்.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தாள்.

“எங்க ஒடஞ்சுச்சு? காட்டு,” என்றார் சதாசிவம்.

தீபன் மண்டிபோட்டான். விரலை வைத்து இங்கேதான் என்றான். சதாசிவம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், விரலால் தேய்த்தார், தட்டிக்கூடப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. தீபனுக்கே அந்த இடம் தெரியவில்லை. உள்பக்க எழுத்தைப் பாருங்கள் மாமா என்றான். அவர் பார்த்தார். இரண்டு எழுத்தை வைத்து என்னடா பண்றது என்றார். சாட்சியை அவனே இரண்டு நாளாகத் தேய்த்து மெருகு போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

“நல்லாத்தானடா இருக்கு,” என்று சதாசிவம் நிமிர்ந்தார். அவர் குரல் மாறியிருந்தது. “எதுக்குத் தம்பி அவளுக்காக நீ தலையக் குடுக்கிற?”

பேச்சியம்மாளின் கை மட்கார்டிலிருந்து மெதுவாக விலகியது.

“சனிக்கெழம பையத் தூக்கிட்டு ஒன் வீட்டுக்குப் போனாளாம். பக்கத்து வீட்டுச் செல்லம் அப்பவே சொன்னா, நான்தான் நம்பல,” என்றாள். “அண்ணே அண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டே.”

தீபன் இல்லை இல்லை என்றான். எத்தனை தடவை சொன்னானோ அத்தனை தடவையும் அது ஆமாம் மாதிரியே கேட்டது.

லோஷினி பையோடு வெளியே வந்தாள். காரியம் முடியும் வரை அவள் காத்திருக்கவில்லை. படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் சொந்த வண்டி எங்கே என்று தீபனைக் கேட்டாள்.

“சிகாமட் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுங்க. இனிமே நடந்து போனாலும் ஒண்ணுதான், ஒங்க வண்டியில போனாலும் ஒண்ணுதான்.”

முக்கால் மணி நேரப் பயணம். நடுவில் பையை வைத்து, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் கேட்டாள்:

“சனிக்கெழம நான் கேட்டப்பவே தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப துண்டு துண்டா இருந்துச்சு. கைல வச்சுக் காட்டியிருக்கலாம்.”

தீபன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதெல்லாம் வேண்டாம், பஸ் வந்துவிட்டது என்றாள்.

“பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு போடுவாங்க. நாப்பது அம்பது பேர் இருப்பாங்க. எல்லார் முன்னாடியும் போய் மறுபடி சொல்லுங்க. அடுத்த வருஷம் திதிக்கும் போய்ச் சொல்லுங்க. அதுக்கு அடுத்த வருஷமும்.”

“நம்ப மாட்டாங்க. இன்னும் கேவலமாத்தான் பேசுவாங்க.”

“பேசட்டும். பதினாறு நாளா நான் தனியா கேட்டேன். இனிமே நீங்களும் கேளுங்க.”

ஏறிப் போய் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் கிளம்பியது.

மணி பத்தே முக்கால். தாராளமாகப் போய்ச் சேரலாம். தீபன் வண்டிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். பெட்ரோல் தீர்ந்திருக்கக் கூடாதா என்று மூடியைத் திறந்து பார்த்தான். நிறைய இருந்தது. உதைத்தான். வழக்கமாக நாலு உதை கேட்கும் வண்டி, முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.