ஈரக்கை

காலையில் சண்டை போட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போன புருஷன், மதியம் கூப்பிட்டான். அவள் அவன் சட்டையைத்தான் துவைத்துக்கொண்டிருந்தாள். பச்சை வட்டத்தை எவ்வளவு இழுத்தும் அந்தப் பாழாய்ப்போன போன் அசையவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் வந்து பேசட்டுமே என்று அலசப் போனாள்.

சாயங்காலம் பிணமாகத்தான் வந்தான். மாரடைப்பாம்.

எல்லாம் முடிந்து ரிப்பேர் கடைக்குப் போனாள். "தம்பி, இந்தச் சனியன் ஹேங் ஆகி என் குடியைக் கெடுத்துடுச்சு. நான் வீம்புக்கு எடுக்கலன்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பாரு. என்ன கோளாறுன்னு பாருங்க."

கடைக்காரர் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தார்.

"ஒரு கோளாறும் இல்லக்கா. கை ஈரமா இருந்தா டச் எடுக்காது. துடைச்சுட்டுத் தொட்டாப் போதும்."

காய்ந்து கிடந்த கைகளை அவள் முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.