ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவே

ஒரு பெண்ணின் நடைக்கு அரசாங்கம் இரண்டு விலை வைத்திருந்தது. நூறு மீட்டர் நடந்து காட்டினால் மாதம் ஓர் ஊசி இலவசம். அந்த ஊசியை வெளியே வாங்கப் போனால் கடையையே விற்றாலும் பாதி விலைக்குக் காணாது. ஐம்பது மீட்டர்கூட நடக்க முடியவில்லை என்றால் மாதம் ஓர் உதவித்தொகை. கடை வாடகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் நான்கு நாள் அடுப்பெரிக்கலாம். ஒரே சரக்கை ஒரு வாசலில் 'இருக்கிறது' என்றும் அடுத்த வாசலில் 'இல்லை' என்றும் சொல்லி விற்கிறவனைச் சந்தையில் ஒரு வாரம் விட்டுவைக்க மாட்டார்கள். கடைக்காரர் ஆறு வருஷம் விற்றார்.

இப்போது அவர் கடைக்குள்ளிருந்து நாற்காலிகளைத் தூக்கிவந்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம் பழைய மரச்சாமான் கடை, பின்பக்கம் வீடு. உள்ளறைக் கட்டிலில் அவர் மனைவி கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு உட்கார இடமில்லை என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை. ஆனால் எல்லா நாற்காலியிலும் விலைச்சீட்டு தொங்கியது. ஐந்து மாத வாடகை வரவேண்டிய கட்டடக்காரர், தான் உட்கார்ந்த நாற்காலியின் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, பார்த்ததை யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்தச் சீட்டையெல்லாம் கழட்டக் கூடாதா?" மனைவியின் அக்காள் அவர் காதருகே வந்து சொன்னாள். "என் தங்கச்சி சாவுல தள்ளுபடி வியாபாரம் நடக்கற மாதிரி இருக்கு."

"கழட்டிடறேன் அக்கா."

கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டு சீட்டை வெட்டினார். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. கண் வாசலுக்குப் போனது. காலையிலிருந்து அது பத்தாவது தடவை. சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டியது. பன்னிரண்டு மணிக்குள் அவள் நடந்த கணக்கை ஏற்றிவிடுவோம் என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கில் என்ன எண் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள தைரியமில்லை. தெரியாமல் இருக்கவும் முடியவில்லை.

அவள் பஸ் கண்டக்டராக இருந்தவள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நடுவில் நின்றபடி சில்லறை எண்ணுவாள். டிரைவர் எப்படிப் பிரேக் அடித்தாலும் ஒரு காசு கீழே விழாது. ஒருநாள் கம்பியைப் பிடித்தாள். மறுவாரம் ஒரு பயணியின் மடியில் போய் விழுந்தாள். கண்டக்டர் குடித்திருக்கிறார் என்று மனு போனது. எட்டு மாதம் அலைந்த பிறகுதான் ஒரு டாக்டர் மூளைப் படத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்புக்கு மேலே இருக்கும் உறையை உடம்பே அரித்துக்கொள்ளும் நோய். வரும், அடங்கும், மறுபடியும் வரும். அடங்கும்போது எடுத்துக்கொண்டதில் கொஞ்சம் திருப்பித் தரும், முழுசாகத் தராது.

"இதுக்கு வட்டிக்கடைக்காரன் பரவாயில்லையே டாக்டர்" என்றார் கடைக்காரர். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாள்.

அந்த நோயில் நேற்று நடந்த கால் இன்று நடக்காது. இன்று கிடந்த கால் நாளை எழுந்து நிற்கும். அதனால் கடைக்காரர் நல்ல நாளாகப் பார்த்து அவளை மருந்து ஆபீசுக்குக் கூட்டிப்போனார், கெட்ட நாளாகப் பார்த்து உதவித்தொகை ஆபீசுக்குக் கூட்டிப்போனார். இரண்டிலும் பொய் இல்லை. இரண்டு நிஜத்துக்கும் தனித்தனி ஃபைல் இருந்தவரைக்கும் வண்டி ஓடியது. பிறகு மக்கள் வசதிக்காக அரசாங்கம் ஒற்றைச் சாளரத் திட்டம் கொண்டுவந்தது. ஒரே ஜன்னல், ஒரே நாள், ஒரே நடை, ஒரே எண். அளந்து முடிக்கும்வரை தொகை நிறுத்தம். அளவெடுக்கும் நாள் வர ஐந்து மாதம் ஆயிற்று.

"ஐம்பதைத் தாண்டிட்டு நூறுக்கு முன்னாடி நின்னுட்டா?" என்று ஜன்னலில் கேட்டார்.

உள்ளே இருந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அவங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. நடுவுல யாரும் நிக்கமாட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

முந்தாநாள் மாலை வீட்டில் பேரம் நடந்தது.

"நாப்பதுல நின்னுடு" என்றார் கடைக்காரர்.

"தொகை போனா கடை போகும். ஊசி போனா நான் போவேன், முதலாளி." அவருக்கு அவள் வைத்த பேர் அது. கையில் காசில்லாத நாட்களில் அதிகமாகச் சொல்வாள்.

"ஊசி போட்டும் போய்க்கிட்டுத்தானே இருக்கே."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் மேஜை விளிம்பில் பெயர்ந்திருந்த ஒரு மரச்சிலாம்பை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"சரி. நாப்பது" என்றாள்.

"பேச்சு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

வாழ்நாளில் அவ்வளவு சுருக்காக அவர் ஒரு பேரத்தில் ஜெயித்ததில்லை. அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விடிந்ததும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. இரண்டு நாளாக நீர்க்கடுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே வரவேண்டும், உடம்புச் சூடு ஏறினால் காலில் இருக்கிற கொஞ்ச பலமும் போய்விடும் என்று டாக்டர் நூறு தடவை சொல்லியிருந்தார். கையை நெற்றியிலிருந்து எடுப்பதற்குள் அவர் மனசு ஒரு கணக்குப் போட்டுவிட்டது: கால் இன்னும் தளரும். நாற்பதுக்கு மேல் தானாகவே போகாது. நடிக்கவேண்டிய வேலை மிச்சம்.

ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அது லாபமாகத்தான் தெரிந்தது.

"காய்ச்சலா இருக்கே. இன்னொரு நாள் பாத்துக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"இந்தத் தேதிய விட்டா ஆறு மாசம். அதுவரைக்கும் உங்க நாற்காலியத் தின்போமா?" அவள் ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டுத் தடியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நீளமான ஒரு நடைவழி. தரையில் வெள்ளைக்கோடு. அளக்கிற அம்மாள் கைப்பிடி வைத்த ஒரு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே வருவாள். மீட்டருக்கு ஒரு 'டிக்'. நோயாளிகள் அவளைச் சக்கரத்தம்மா என்று கூப்பிட்டார்கள். கூட வந்தவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கவேண்டும்.

டிக். தடி, வலது கால், இழுபடும் இடது கால். டிக். கடைக்காரர் உதடசைத்து எண்ணினார். இருபதில் அவள் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முப்பதில் சுவரில் கை வைத்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதில் நின்றாள். அவருக்கு மூச்சு வந்தது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசிப்பதற்குள் தடி முன்னால் போய்விட்டது.

டிக்.

"போதும்! நின்னுடு!" என்று கத்திவிட்டார். காவலாளி வந்து தோளைத் தொட்டு, "சார், ஆஸ்பத்திரி" என்றார்.

நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று. நடைவழி வளைந்தது. அவள் முதுகு மறைந்தது. சத்தம் மட்டும் வந்தது, அதுவும் எங்கிருந்தோ உருண்டு வந்த சாப்பாட்டு வண்டியின் கடகடப்பில் கரைந்துபோனது. வண்டி போனபிறகு காதைத் தீட்டிக் கேட்டார். ஒன்றுமில்லை.

சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. கால் இரண்டும் தன்னுடையது இல்லை என்பதுபோல் ஆடியது.

"ஏம்மா கண்டக்டர், நாப்பதுன்னுதானே பேசினோம்?"

"ஸ்டாப் வரலையே முதலாளி. எப்படி எறங்கறது?"

அதுதான் கடைசிப் பேச்சு. வாசலுக்குப் போவதற்குள் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். நீரில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மாலை ஐந்து நாற்பதுக்கு ஒரு டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். வார்டில் எல்லோருக்கும் சொல்கிற வாக்கியம்தான். கடைக்காரர் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

இப்போது மணி பதினொன்றே கால். வாசலில் நிழல் தட்டியது. சக்கரத்தம்மா. சக்கரம் இல்லாமல் அவளைப் பார்க்க வேறு யாரோ போல் இருந்தது. தோளில் ஒரு துணிப்பை. உள்ளறைக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து கடைக்காரருக்கு எதிரே உட்கார்ந்தாள். அக்காள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"காலைல ஃபைலத் திறந்தப்பதான் சார் தெரிஞ்சுது. மனசு கேக்கல." தண்ணீரைக் குடித்தாள். "நேத்து நடக்கறப்ப அவங்க கையத் தொட்டேன், நெருப்பா இருந்துச்சு. என்னம்மா காய்ச்சலான்னு கேட்டேன். 'ஆமா. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது, தெரிஞ்சா கூட்டிட்டே வந்திருக்க மாட்டாரு. சொல்லிடாதீங்க'ன்னாங்க. நான் அப்பவே நிறுத்தியிருக்கணும்."

கடைக்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். அதைத் திறந்தார். மூடினார்.

"உங்கமேல தப்பில்ல சார். உங்களுக்குத்தான் தெரியாதே" என்றாள் சக்கரத்தம்மா.

அக்காள் மூக்கைச் சிந்தினாள்.

சக்கரத்தம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் விரித்தாள். குரலை இறக்கினாள். "பன்னெண்டுக்குள்ள ஏத்தணும். இன்னும் பேனாவால எழுதல, பென்சில்லதான் குறிச்சிருக்கேன். நாப்பத்தெட்டுன்னு போட்டா, நின்னுபோன அஞ்சு மாசத் தொகை உங்க பேருக்கு வந்துடும். இருக்கறதப் போட்டா ஒண்ணும் வராது. இனி யார் வந்து மறுபடியும் நடக்கவைக்கப் போறாங்க? எனக்கும் ஒண்ணும் கெட்டுப்போயிடாது."

"நீங்க நல்லா இருப்பீங்கம்மா, அப்படியே போட்டுடுங்க" என்றாள் அக்காள். கட்டடக்காரர் தன் நாற்காலியை ஓசைப்படாமல் இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"அவ எவ்வளவு நடந்தா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அது எதுக்கு சார் இப்ப."

"எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

அவர் அந்த எண்ணை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. சந்தையில் அவரோடு பழகினவர்களுக்குத் தெரியும், அவர் பேரம் பேச உட்கார்ந்துவிட்டால் வரும் முகம் அது.

"எழுபத்தொண்ணுல எப்படி நின்னா?"

"எப்படின்னா?"

"அடுத்த அடி எடுத்து வச்சாளா, வைக்கலையா?"

சக்கரத்தம்மா யோசித்தாள். "வலது கால் போச்சு. இடது கால் கூட வரல, இழுத்துக்கிட்டு நின்னுடுச்சு. அப்பதான் நான் பிடிச்சேன். முழு மீட்டர் ஆனாத்தான் சார் கணக்கு."

"ஒரு கால் போச்சுல்ல?"

"போச்சு."

"அப்ப எழுபத்தொண்ணரை."

"சார், அரைக்கெல்லாம் கட்டமே கிடையாது."

"கட்டத்துக்கு வெளிய எழுதுங்க."

"மாப்பிள்ளை!" அக்காள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன பேசறீங்க? குறைச்சா காசு வருதுன்னு சொல்றாங்க. நீங்க கூட்டிக் கேக்கறீங்க! கட்டடக்காரருக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"சரக்கு என்னோடது இல்ல அக்கா" என்றார் கடைக்காரர்.

கட்டடக்காரர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். சக்கரத்தம்மா இன்னொரு தடவை கடைக்காரரைப் பார்த்தாள், இப்போது மாற்றிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிற மாதிரி. அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.

அவள் எழுதினாள். அரையைக் கட்டத்தின் கோட்டுக்கு மேலேயே எழுதவேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் அவர் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்.

நடந்த தூரம், எழுபத்தொன்றரை மீட்டர். ஊசிக்குக் குறைவு, இருபத்தெட்டரை. உதவித்தொகைக்கு மிகுதி, இருபத்தொன்றரை. வழங்கவேண்டியது என்ற இடத்தில் ஒரு கோடு.