சின்னவன் பேரில் ஓடிய வரி

இப்போதெல்லாம் எவனும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாமல் போனைப் பார்த்துப் பதில் சொல்கிறான். ஏசிக்காரருக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர் மெஷின் அறையில் இருக்கும் மூன்று ஏசிகளையும் இருபத்தாறு வருஷமாகப் புறங்கையை வைத்தே கண்டுகொண்டவர் அவர். பத்து மணிக்கு ஒரு சுற்று, ஒரு மணிக்கு ஒரு சுற்று, நாலு மணிக்கு ஒரு சுற்று.

அன்று ஒரு மணிச் சுற்றை முடித்து வெளியே வந்தவரை, அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் மேஜை போட்டிருந்த கம்ப்யூட்டர் பெண் நிறுத்தினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம்தான் ஆகிறது.

"ஐயா, ஒரு நிமிஷம் உட்காருங்க."

"உட்கார வச்சுச் சொல்ற அளவுக்கு என்ன கெட்ட சேதி?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மூன்று நொடிக்கு ஒரு தரம் வரிகள் குலுங்கி இடம் மாறிக்கொண்டன.

"மெஷினுக்குள்ள என்னென்ன வேலை ஓடுதுன்னு இது காட்டும். ஒரு வரி ஒரு வேலை. இந்த நம்பர் அது எவ்வளவு உழைக்குதுன்னு. இது எவ்வளவு மெமரியைப் பிடிச்சு வச்சிருக்குன்னு. பக்கத்துல யார் பேர்ல ஓடுதுன்னு இருக்கும்."

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வந்தாலும் நம்பறதா இல்லை."

அவள் சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் மேல நிக்கற வரி… சின்னவன்னு போட்டிருக்கு."

ஏசிக்காரர் உட்கார்ந்தார்.

சின்னவன் அவருடைய இளைய மகன். அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில் இருந்துதான் மெஷின்களைப் பார்த்துக்கொண்டான். நாலே நாள் காய்ச்சல். போய்ப் பத்து மாசம் ஆகிறது.

"செத்தவன் பேர்ல யாரும்மா வேலை செய்யறது?"

"யாரும் இல்லைங்க. அவர் எழுதி வச்ச புரோகிராம், தானா ஓடிட்டிருக்கு. மெமரியில எண்பத்தெட்டு சதவீதத்தை அதுவே பிடிச்சுக்கிச்சு. மூணு நாளா ரிப்போர்ட் எதுவும் நேரத்துக்கு வரலை. ரெண்டு மணிக்கு மெஷினை அணைச்சுப் போடச் சொல்லிட்டார் மேனேஜர். அணைச்சா, அது பிடிச்சு வச்சிருக்கறது அத்தனையும் போயிடும். உங்ககிட்ட கேட்காம செய்ய எனக்கு மனசு வரலை."

"அப்படி எதைப் பிடிச்சு வச்சிருக்கு?"

"உங்களுக்கு எழுதின மெசேஜுங்க."

மகன் போன ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பியபோதே அவர் போன் துடித்தது. மகன் பேர்தான் வந்தது; அவன் உயிரோடு இருந்தபோது வந்துகொண்டிருந்த அதே வரி. 'அப்பா, மூணாவது சூடாகுது. சாப்பிட்டீங்களா?' ஓடிப் போய்ப் புறங்கையை வைத்தார். சூடாகத்தான் இருந்தது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நாலாம் நாள் போனை அணைத்து, பீரோவில் மகனின் சட்டைகளுக்கு அடியில் திணித்தார். உடைந்துபோனதாக மனைவியிடம் புளுகினார். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"ரூம் சூடானா, உள்ள கூரையில இருக்கற கேமராவுல ஒரு படம் எடுத்து, மெசேஜோட உங்க போனுக்கு அனுப்பும்," என்றாள். "போன் வாங்கலைன்னா தூக்கிப் போடாது. கையிலயே வச்சுக்கிட்டு, திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அந்த உழைப்புல மெஷின் இன்னும் சூடாகும். சூட்டைப் பார்த்து இன்னொண்ணு எழுதும். அப்படியே சேர்ந்துபோச்சு."

"அப்போ உயிரோட இருந்தப்போ வந்ததும்… அவன் கையால அடிச்சதில்லையா?"

"முதல் தடவை அடிச்சிருப்பார், ஐயா."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபது. எழுந்து, வாசல்படியைத் தாண்டியதும் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் பீரோவைக் குடைவதைப் பார்த்து மனைவி வந்து நின்றாள். "என்னங்க இந்நேரத்துல?" பிறகு கையில் இருந்ததைப் பார்த்தாள். "உடைஞ்சு போச்சுன்னீங்களே?"

அவர் போனோடு வாசலுக்கு விரைந்தார். அவள் கலைந்த சட்டைகளை ஒவ்வொன்றாக நீவி அடுக்க ஆரம்பித்தாள்.

திரும்பி வந்து சார்ஜரில் செருகியபோது ஒன்று நாற்பது. போன் உயிர் பிடிக்கவே ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டது. பிடித்ததும் துடித்தது. ஒரு தரம், இரண்டு தரம், பிறகு ஓயாமல். மேஜைமேல் கவிழ்ந்த வண்டு மாதிரி தானாக நகர்ந்தது.

"குறையுது ஐயா! எழுபத்தொண்ணு… ஐம்பத்திரண்டு…"

அவர் திரையைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார். முதல் படத்தில் ஒரு வழுக்கைத் தலை, கூரையிலிருந்து பார்த்தபடி. அவருடையதுதான். மூணாவது ஏசியின்மேல் புறங்கை. அடுத்த படம், வேறொரு நாள், வேறு சட்டை. அதற்கடுத்ததில் ஏசியின்மேல் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தார். அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மகனை வாய்விட்டுக் கூப்பிட்டார். அதன் கீழேயும் அதே வரி. 'அப்பா, மூணாவது சூடாகுது. சாப்பிட்டீங்களா?'

போன் அடங்கியது. திரையில் சின்னவனின் வரி சரசரவென்று இறங்கி அடியில் போய் நின்றது.

"எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. இனி அணைக்க வேண்டாம்," என்று அவள் மூச்சு விட்டாள். "இப்போ தூங்குதுன்னு காட்டுது. சூடானா மட்டும் முழிக்கும். வேண்டாம்னா ஒரேயடியா நிறுத்திடறேன். அந்தக் கட்டளையோட பேரு நல்லா இருக்காது, உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"விடு. தூங்கட்டும்."

"பயப்படாதீங்க ஐயா. வெறும் புரோகிராம்தான். அங்க யார் நிக்கறாங்கன்னெல்லாம் அதுக்குத் தெரியாது."

"தெரியாதவன், நான் போய் நிக்கறப்போ பார்த்து எப்படிம்மா படம் எடுக்கறான்?"

"நீங்க கதவைத் திறந்ததும் வெளிச் சூடு உள்ள வந்திருக்கும். அதான்."

"ம்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் கூரையில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பத்து மாசத்தில் முதல் தரமாக அதை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் இல்லைடா. இப்பத்தான் போறேன்," என்றார்.

அந்த வரி முழித்துக்கொண்டதா என்று அந்தப் பெண் சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கதவாம், வெளிச் சூடாம்.