முதல் தடவை மாதிரி

என் மனைவி கல்வி உளவியலாளர். படிப்பு ஏறாத பிள்ளைகளைச் சோதித்து, எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடித்து, பள்ளிக்கும் வீட்டுக்கும் வழி சொல்வது அவள் வேலை. பெற்றவர்கள் எதையாவது பூசி மெழுகினால் அவளுக்குப் பொறுக்காது. "பிள்ளைக்கு முடியலைங்கறதை மறைச்சா, அதுக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் போயிடும்" என்று போனில் யாரையாவது கண்டித்துக்கொண்டே இருப்பாள்.

அப்படிப்பட்டவள்தான், எங்கள் மகளுக்கே சோதனை என்றதும் ஆடிப்போனாள். மகள் படிப்பது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் அவளுக்கு மறந்துவிடும். வகுப்பு டீச்சர்தான் சோதனை கேட்டார். மதிப்பெண் குறைவாக வந்தால் அவளுக்கென்று தனி டீச்சர் கிடைப்பார், நன்றாக வந்தால் கிடைக்க மாட்டார். விசித்திரமான பரீட்சைதான். ஆனால் அதைக் கரைத்துக் குடித்தவள் வீட்டிலேயே இருந்தாள்.

சொந்தப் பிள்ளையைத் தானே சோதிக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் விதி. அதனால் அலுவலகத்தில் இவளுக்கு எதிர் மேஜையில் உட்காரும் தோழி வருவதாக முடிவானது. அன்றே இவளுக்கு நிம்மதி போயிற்று.

"அவ எழுதற ரிப்போர்ட்டை ஆபீஸ்ல எல்லாரும் பார்ப்பாங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மத்தவங்களுக்குப் புத்தி சொல்றது?"

"கொஞ்சம் பழக்கி விட்டா என்ன? கொலைக் குத்தமா?" என்று கேட்ட மகா புத்திசாலி நான்தான்.

அட்டையில் காட்டும் படத்தைப் போலவே சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கச் சொல்வதும் அந்தச் சோதனையில் உண்டு. அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர அவள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. நான் மரக்கட்டைகளை வாங்கி, அதேபோல் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் மனசாட்சி தாராளமாக இடம் கொடுத்தது. எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் வரும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சாப்பாட்டு மேஜையில் தினமும் பயிற்சி நடந்தது. மகள் சரியாக அடுக்கும்போதெல்லாம் நான் கைதட்டினேன்.

"யாராவது கேட்டா இதுதான் முதல் தடவைன்னு சொல்லணும், சரியா?" என்றாள் அம்மா. குழந்தை தலையாட்டியது.

பள்ளியில், விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையை ஒட்டிய சின்ன அறையில் சோதனை. நாங்கள் வெளியே, முட்டி மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கதவு ஒருக்களித்திருந்தது. தோழி அட்டையைத் திருப்புவதற்கு முன்பே மகளின் கைகள் அடுத்த படத்துக்கான கட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டன.

"இரு செல்லம், நான் இன்னும் படத்தையே காட்டலையே."

"சாய்வாதானே ஆன்ட்டி வரும்?"

என் மனைவி என் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

"இதை முன்னாடி எங்கேயாவது செஞ்சிருக்கியா?"

"இல்ல ஆன்ட்டி. இதுதான் முதல் தடவை."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. செய்யுள் போல ஒப்பித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கதவிடுக்கில் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

மனைவி எழுந்து உள்ளே போனாள். தோழியின் முகத்தைப் பார்க்காமல், "நிறுத்திடு. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது" என்றாள்.

"கட்டைக்குப் பெயிண்ட் அடிச்சது நான்" என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். அதைச் சொன்னபோது ஒரு கணம் என்னைப் பெரிய யோக்கியனாக நினைத்துக்கொண்டேன். அதுவும் வெட்கம்தான்.

தோழி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார்.

"இதை இனிமே ரொம்ப நாளைக்கு அவளுக்கு வைக்க முடியாது. உனக்குத் தெரியாததா? நான் கிளாஸ்ல உட்கார்ந்து பார்க்கறேன், டீச்சர்கிட்ட பேசறேன், வேற சோதனை வைக்கறேன். ஆனா அதுக்கெல்லாம் நாளாகும். இந்த வருஷம் தனி டீச்சர் கேட்க முடியாது."

அப்போதுதான் மகள் அழ ஆரம்பித்தாள். "நான் சொல்லலைம்மா. நீ சொன்ன மாதிரிதானே சொன்னேன்?"

"உன் மேல தப்பே இல்லடா" என்று அவளருகே குனிந்தாள் அம்மா.

மகள் மூக்கை உறிஞ்சினாள். தோழிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அம்மாவின் காதோரம் போனாள். ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்போ நான் மக்குன்னு ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா?"

அந்தச் சொல்லை நாங்கள் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லாமலேயே தினமும் சாப்பாட்டு மேஜையில் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இதே கேள்வியோடு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதில் சொன்னவள் என் மனைவி.

தோழிதான் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதில் சொன்னார். நாங்கள் இருவரும் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.