கெரால்ட்டின் நடுக்கம்

ஏழடுக்கு மனிதக் கோபுரத்தில் பாதி ஏறிய தங்கை ஜானா, திடீரென்று திரும்பி இறங்கிவிட்டாள். உச்சிக்கு ஒரு படி கீழே குனிந்திருந்த அக்கா கெரால்ட், அவள் இறங்குவதைப் பார்த்தாள். ஜானா உச்சியேறிக் கையுயர்த்தினால்தான் கோபுரம் முடிந்ததாகக் கணக்கு. வேறு வழியின்றி எல்லோரும் இறங்கினார்கள்.

“ஏண்டி திரும்புன?”

“உன்னைப் பார்த்துத்தான்க்கா. நீ நடுங்குன.”

குழுத்தலைவர் ஒலெகே பெருமூச்சு விட்டார். “இந்தக் கோடையில ஒரு சாண் வளந்துட்ட, புள்ள. இலையுதிர்காலம் வந்தாச்சு, இனிமேதான் பெரிய கோபுரமெல்லாம். மேல் இடத்த விட்டுட்டு அடியில நின்னு தாங்கு.”

“அடியில நின்னா அடுத்தவன் முதுகுதான் தெரியும். நடுங்குனது நான் இல்ல மாமா, கீழ இருந்தவங்க.”

“மேல ஏறுற எல்லாரும் சொல்றதுதான்.”

கெரால்ட், ஏறுபவர்கள் பிடித்தேற இடுப்பில் இறுக்கிக் கட்டும் கச்சையை அவிழ்க்காமல் எரிச்சலோடு நின்றாள். அந்த நடுக்கம் கீழேயிருந்து ஏறி வந்ததா, இல்லை அவள் முழங்காலிலேயே தொடங்கியதா?