காலையில் மட்டும் இறுகும் பிரேக்

பதினோராயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். மஹய்யாவயில் குடியிருக்கும் பழனியாண்டி, வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்கிய வகையில் இப்திகாரின் ஹார்ட்வெயார் கடைக்குக் கொடுக்க வேண்டிய மிச்சம் அது. அந்த ஜனவரிக் காலையில், இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்கலாம் என்று அவன் கடைக்குப் போனான். வாசலில் இப்திகார் தன் மோட்டார் சைக்கிளைத் திட்டிக்கொண்டு நின்றார்.

"தவணையா? இண்டைக்கிப் பேங்குல செக் பாஸாகோணும் ஓய்! காசில்லாட்டி ஆள் அனுப்பித் தகரத்தக் கழட்டுவன். வானத்தப் பாத்துட்டுப் படு!"

 பழனியாண்டியின் வீட்டில் பிள்ளைபெற்ற மகள் இருக்கிறாள். பச்சைக் குழந்தையை எந்த மூலையில் கிடத்துவது?

"வண்டிக்கு என்னங்க நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"முன் பிரேக் புடிச்சா விடுதில்ல. அலவத்துகொட ஊட்டுல ஈந்து காலயில மாடு இழுக்கிற மாதிரி இழுத்து வந்தன். மூணு கராஜ்ல காட்டினன். நல்லாத்தானே ஈக்குதுண்டு அனுப்பிட்டானுகள். இப்ப வாங்குறத்துக்கு ஆள் வருது. இத வித்தாத்தான் செக்குக்குக் காசு."

பழனியாண்டி குனிந்து முன்சில்லோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிஸ்க்கைத் தொட்டான். தோசைக்கல்லாய்ச் சுட்டது. கையை உதறினான். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நான் கழட்டிப் பாக்குறேன். நல்லாகி வித்துட்டா என் கடன விட்டுடணும்."

"குப்ப லொறியில ஏறுற நீ, பிரேக் பாக்கப் போறியா?"

"என் ஓட்ட பைக்குக்கு வேற யாருங்க பாக்குறது?"

இப்திகார் தெருவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. நாசமாக்கினா, தகரத்தோட கதவையும் கழட்டுவன்."

பனிக்காற்றில் சூடு முழுக்க ஆறும்வரை பொறுத்து, ஸ்பானர் போட்டு, டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருந்த கலிப்பரைப் பழனியாண்டி கழற்றி எடுத்தான். கலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்கு உள்ளே விரல் நீளக் கம்பிகளாக இரண்டு பின்கள் உண்டு. ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. மற்றது அசையவே இல்லை. பல்லைக் கடித்துத் திருகினான். பொளக்கென்று கையோடு வந்தது. அதில் அழுக்குப் பிசின், பிசினுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஏதோ. விரலில் தேய்த்தான், உருகியது. மோந்தான்.

"நானா! இதுல என்னத்த ஊத்துனீங்க?"

"தேங்காயெண்ண. கீச்சுக் கீச்சுண்டு சத்தம் போட்டுச்சி. கதவுக்கும் பூட்டுக்கும் அதுதானே போடுற?"

"கராஜுக்கு எந்நேரம் கொண்டு போனீங்க?"

"லுஹர் தொழுதுட்டு, பகல்ல."

பழனியாண்டி எழுந்து நின்று குதிக்காத குறையாகச் சிரித்தான். "மத்தியான வெயில்ல எண்ணெ உருகி ஓடுது, சில்லு சுத்துது! காலப் பனியில கல்லா ஒறையுது. தலைக்கு வைக்கிற எண்ணெப் போத்தல அடுப்புப் பக்கம் வச்சுத்தானே நீங்களும் ஊத்துறீங்க?"

 இப்திகார் ஓடினார். பக்கத்துக் கடையிலிருந்து பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸும் ஒரு போத்தல் பிரேக் ஒயிலும் அவர் கையாலேயே வந்தன.

இறுகியிருந்த அந்தப் பின்னைப் பழனியாண்டி வழவழவென்று தேய்த்து, பின்களின் ரப்பர் உறைகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த நேரம், கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்யும் தனேஸ் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆள். தரையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தார்.

"அண்ணை, நான் பைக் வாங்க வந்தனான். கழட்டின சாமான் வாங்க வரேல்லை."

"சேர், சேர், ஒரு பிளேன்டீ குடிங்கோ!" என்று இப்திகார் கதிரையை இழுத்துப் போட்டார்.

இனிப் பிஸ்டன்தான். டிஸ்க்கை நெரிக்கும் பிரேக் பேட்களைத் தள்ளும் அந்த உருளையின் ஓரத்தைத் துடைக்க வேண்டுமென்றால், பிரேக் லீவரை அமுக்கி அதைச் சற்று வெளியே வரவழைக்க வேண்டும். கூடினால் பிதுங்கி விழுந்து ஒயிலெல்லாம் தரைக்குப் போகும்.

"மெதுவா அமுக்குங்க நானா. இன்னுங் கொஞ்சம்... போதும். போதும்! கைய எடுங்க!"

விளிம்பில் வந்து நின்றது.  பிரேக் ஒயில் தொட்ட துணியால் சுற்றித் துடைத்து, இரண்டு பெருவிரலாலும் அமுக்கினான். பிஸ்டன் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. பின்களுக்குக் கிரீஸ் பூசி, எல்லாவற்றையும் மாட்டி, லீவர் கெட்டியாகும் வரை அமுக்கினான்.

"நானா, பின்னால ஏறி ஒக்காருங்க. முன்சில்லு தூக்கணும்."

இப்திகாரின் பாரத்துக்கு முன்சில்லு துள்ளி எழும்பியது. பழனியாண்டி ஒரு தட்டுத் தட்டினான். சில்லு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. லீவரைப் பிடித்தான்: நின்றது. விட்டான்: மறுபடியும் சுற்றியது. தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

தனேஸ் ஓட்டிப் பார்க்கக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சரிவில் இறங்கினார். கடை வாசலில் இருவரும் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வளைவுல பிரேக் புடிக்காட்டி?"

"வாய மூடுங்க நானா!"

என்ஜின் சத்தம் மேட்டில் ஏறி வந்தது. தனேஸ் இறங்கி, குனிந்து, டிஸ்க்குக்குக் கிட்ட உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "சூடு இல்லை. ஓம், எடுக்கிறன்."

காசு கைமாறியது. வண்டி போனது. இப்திகார் தொண்டையைக் கனைத்தார். "பழனி... கடன்ல பாதியக் கழிப்பமா?"

"சேர் இன்னும் சந்தி தாண்டல. கூப்புட்டுத் தேங்காயெண்ணெக் கதையச் சொல்லவா?"

இப்திகாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போ ஓய், முழுசும் போச்சு! தகரம் ஒனக்குத்தான். ஆனா இனி ஒரு ஆணி வாங்கினாலும் கைக்காசு!"